ஒவ்வாமை ஏற்படும் பட்சத்தில்

168ஆம் இலக்க பஸ் கொட்டாஞ்சேனையில் அள்ளிப்
பொரளையில் கொட்டும்.
அரசாங்க அச்சகத்தின் மேல்மாடியில்
பதினேழு வருடமாய்
சட்டங்களுக்குப் புள்ளி வைக்கிறேன்.

தில்ருக்‌ஷி சிங்களத்தைச் சத்தமாய் வாசிப்பாள்.
என் விரல் தமிழில்
அவளுக்குப் பின்னால் நடக்கும்.
நடுவே தேநீர். நடுவே அவளுடைய மாமியார் கதை.
பிறகு தண்டப்பணம், பிறகு அட்டவணை,
பிறகு கடைசிப் பிரிவு.

எந்தச் சட்டத்துக்கும் அது ஒன்றேதான்:
சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே
ஏதேனும் ஒவ்வாமை ஏற்படும் பட்சத்தில்
சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும்.
அதையும் பிழை பார்க்கிறேன்.
ஒற்று விடுபட்டிருந்தால் சேர்க்கிறேன்.

ஒவ்வாமை
இறால் தின்றால் என் மகனுக்கு வருவது.
சிறுவர் ஆஸ்பத்திரியில்
உதடு வீங்கி அவன் மடியில் கிடந்த இரவு
சுவரில் வாசித்தேன்:
ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே அறிவிக்கவும்.
சிரிப்பு வந்தது. தாதி முறைத்தாள்.

ஒக்டோபர் மழை. ஜன்னலோரம் வாளி வைத்திருந்தோம்.
நகரக் குடியிருப்புச் சட்டமூலம் வந்தது.
பன்னிரண்டாம் பிரிவு, இரண்டாம் உபபிரிவு,
அகற்றப்படும் ஆளெவருக்கும் மாற்று வீடு...
'ஹெக்கிய' என்றாள் தில்ருக்‌ஷி.
என் விரல் 'வேண்டும்' மேல் நின்றது.

அவளிடம்: வழங்கலாம்.
என்னிடம்: வழங்குதல் வேண்டும்.

'லாம்' கதிரையில் சாய்ந்திருக்கும்.
நாளைக்கு வா, கிராம சேவகரின் கடிதம் எங்கே,
ஐயா கூட்டத்தில் இருக்கிறார்.
'வேண்டும்' வந்தால் ஐயா எழும்ப வேண்டிவரும்.
வீட்டிலோ நாங்கள்
பசிக்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம்.

மொழிபெயர்த்தவர் யாரோ.
தூக்கத்தில் கை தவறியதா,
விழித்திருந்தே தவறவிட்டாரா?
தாளில் பெயரில்லை.
சட்டத்தில் மாட்டுகிறவருக்குத்தான் பெயர்,
தகப்பன் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம்.

'ஹரித?' என்றாள்.
சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினேன்.
வாளியில் ஒரு சொட்டு. இன்னொன்று.
திருத்துவது என் வேலை.
திருத்தாவிட்டாலும் குடி முழுகாது,
கடைசிப் பிரிவு பார்த்துக்கொள்ளும்.
அங்கே மட்டும் 'லாம்' போடவே மாட்டார்கள்.

'ஹரி' என்றேன்.
அவள் பக்கத்தைப் புரட்டினாள்.
கொஞ்சம் மெதுவாய்ப் புரட்டினாளோ என்று
இன்றுவரை கேட்கவில்லை.

வீரம் என்று யாரும் எண்ணவேண்டாம்.
அந்த மாதமும் சம்பளம் வந்தது.
பண்டிகை முற்பணமும் எடுத்தேன்.

மறு வருடம், மாசி.
வனாத்தமுல்லையில் தோழி வீட்டுக்குப் போகும் வழி,
கான் ஓரச் சுவரில் அறிவித்தல்:
நாற்பத்தைந்து நாட்களுக்குள் வெளியேறவும்.
பக்கத்திலேயே யாரோ
சட்டத்தின் தமிழைப் போட்டோக்கொப்பி எடுத்து ஒட்டியிருந்தார்கள்,
சோற்றுப் பசையில்.
'வேண்டும்' என்ற சொல்லின் கீழே
நீலப் பேனைக் கோடு, இரண்டு தரம்,
தாள் கிழியும் அளவுக்கு.

"நான்தான் கீறின" என்றாள்
இடியப்பத் தட்டோடு நின்ற ரிஃபாயா.
"வேணுமென்டு போட்டீக்கிதே மிஸ்,
வாசிச்சுப் பாருங்க."
திங்கட்கிழமை நாற்பது பேர்
இந்தத் தாளோடு கந்தோருக்குப் போகிறார்களாம்.
பெரியவர் கேட்டால் வாசித்துக் காட்ட
அவளுடைய மகள் நாலு நாளாய்ப் பாடமாக்குகிறாளாம்.

வாசித்தேன்.
என் எழுத்து அல்ல, ஆனாலும் என் எழுத்து.
எட்டுப் பக்கம் ஒட்டியிருந்தது.
ஒன்பதாவது இல்லை.

"பக்கத்துக்குப் பதினஞ்சு ரூவா கேட்டான்.
கடைசித் தாள்ல நாலு வரிதான் ஈந்திச்சு,
அதான் உட்டுட்டோம்."
தட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்:
"அதுல முக்கியமா ஒன்னும் இல்லதானே, மிஸ்?"